கூடுதல் கார்டு

12.5 சென்டிமீட்டர் அகலம், 7.5 சென்டிமீட்டர் உயரம். அடியில் ஒரு துளை. இழுப்பறையின் கம்பி அதன் வழியாகத்தான் போகும். இடப்பக்கம் சிவப்புக் கோடுகள்: ஆசிரியர் பெயர் எந்தக் கோட்டில் தொடங்க வேண்டும், தலைப்பு எந்தக் கோட்டில் தொடங்க வேண்டும் என்பதற்காக. எண்பதுகளில் நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பில் சேர்ந்த எங்களுக்கு நாள் முழுக்க இந்தக் கேட்லாக் கார்டுதான். எழுத்து சாயக் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. அடித்துத் திருத்திய கார்டு இழுப்பறைக்குள் போகாது. புதுக் கார்டு எடுத்து முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஒரு புத்தகத்துக்கு ஒரு கார்டு என்றால் பரவாயில்லை. முதன்மைப் பதிவுக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று, பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் இருந்தால் அவர்களுக்குத் தனித்தனியாக என்று அது பெருகிக்கொண்டே போகும். தமிழ்ப் புத்தகம் என்றால் இன்னும் கூடும். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் திருத்தக்கதேவர், உரை எழுதியவர் நச்சினார்க்கினியர், பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். மூவரில் எவர் பெயரைச் சொல்லி வந்தாலும் வாசகருக்கு அந்த நூல் கிடைத்தாக வேண்டும். புனைபெயர்கள் வேறு. புதுமைப்பித்தனைக் கேட்பவரும் வருவார், சொ. விருத்தாசலத்தைக் கேட்பவரும் வருவார். ஒரு பெயரை முடிவு செய்துகொண்டு, மற்றொன்றுக்கு ‘காண்க’ என்று ஒரு கார்டு போட வேண்டும்.

“தேடி வர்றவரு எந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு வருவாருன்னு யோசிம்மா. அந்தப் பேர்ல ஒரு கார்டு இருக்கணும்” என்பார் எங்கள் சார். விரல் வலிக்கும், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு கார்டும் எழுத முடியாது.

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் வேர் உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் வழியே பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1931இல் வந்த நூலக அறிவியலுக்கான அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. 1933இல் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் அவருடைய கோலன் பகுப்பு முறை வந்தது. ‘1950களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கான சிகிச்சை’ என்று ஒரு தலைப்பு கொடுத்தால் உறுப்பு எது, நோய் எது, செயல் எது என்று முதலில் பிரித்துக்கொண்டு, இந்தியாவுக்கு 44, அந்தப் பத்தாண்டுக்கு N5 என்று ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள் அழுதவர்களும் இருந்தார்கள். ஆனாலும் ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

டியூயி பகுப்பு முறையில் வேறு விதமான சண்டை. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. தேவாரத்தை அங்கே வைப்பதா, இந்து சமயத்துக்கான 294.5இல் வைப்பதா? திருக்குறள் கவிதையா, 170இல் வரும் அறவியலா? அலமாரியில் ஒரு பிரதி ஓரிடத்தில்தான் இருக்க முடியும். அதனால்தான் மற்ற இடத்தின் பெயரில் ஒரு கூடுதல் கார்டு. வகுப்பில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம் நின்று வாதாடினோம்.

இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் வகுப்பெடுக்கிறேன். கார்டு போயிற்று. உலகெங்கும் நூலகங்களுக்குக் கார்டு அச்சிட்டு அனுப்பிவந்த ஓசிஎல்சி நிறுவனமே 2015 அக்டோபரில் கடைசிக் கார்டை அச்சிட்டு முடித்துவிட்டது. மேசையில் கோஹா மென்பொருள் ஓடுகிறது. நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது, காசில்லாமல் கிடைப்பது. அதை உருவாக்கியவர்களை நான் மனதார வாழ்த்துகிறேன். ஐஎஸ்பிஎன் எண்ணை அடித்தால், வேறொரு நூலகம் எழுதி வைத்த பதிவு பகுப்பு எண்ணோடு வந்து இறங்குகிறது. ஆங்கிலப் புத்தகம் என்றால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

தமிழ்ப் புத்தகம் என்றால் முடியவில்லை. வருகிற பதிவில் தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கும். தமிழ் எழுத்தில் தர 880 என்றொரு புலம் உண்டு. அது காலியாகக் கிடக்கும். உரையாசிரியர் பெயர் இருக்காது. பழைய நூல்களுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது. பிள்ளைகள் அதை அப்படியே சேமித்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண் தானாக வந்துவிடுகிறது என்று நாமே பகுப்பு வகுப்பைச் சுருக்கிவிட்டோம். வாசகர் தமிழில் தட்டிப் பார்க்கிறார். ‘முடிவுகள் இல்லை’ என்று திரை சொல்கிறது. புத்தகமோ பத்தடி தூரத்தில் அலமாரியில் இருக்கிறது.

என்னை உறுத்துவது இதுதான். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டையைக் கையால் எழுத வேண்டியிருந்த காலத்தில் ஒரு புத்தகத்துக்கு ஐந்தாறு வாசல் வைத்தோம். ஒரு வரி தட்டினால் வாசல் திறந்துவிடும் இந்தக் காலத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். 700 என்ற புலத்தில் உரையாசிரியர், பதிப்பாசிரியர் எல்லோரையும் சேர்க்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் அதைத் திரும்பப் போடலாம். திருக்குறளுக்கு அறவியல் என்றும் ஒரு பொருள் தலைப்பு கொடுக்கலாம். விரல் வலிக்காது, மையும் தீராது.

அதனால் இப்போது என் வகுப்பில் முதல் வாரம் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. ஆளுக்கு ஒரு பழைய பதிப்பைக் கொடுத்து, இதைத் தேடி யார் யார் வருவார்கள், என்ன பெயர் சொல்லிக் கேட்பார்கள் என்று வெள்ளைத்தாளில் எழுதச் சொல்கிறேன். போன முறை ஒரு பெண் கம்பராமாயணத்தின் ஒரு காண்டத்துக்குப் பதினொரு பெயர் எழுதினாள். “எல்லாத்தையும் சிஸ்டம்ல ஏத்தலாமா மேடம்?” என்று கேட்டாள். ஏற்றச் சொன்னேன்.