'ஸ்டிங்க்' என்று சொல்லுமுன்

கெட்ட வாடையைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒன்றுக்குப் பத்துச் சொல் உண்டு. அவற்றில் 'ஸ்டிங்க்' கொஞ்சம் முரட்டு ரகம். பெரிய மனிதர்கள் கூடிய சபையில் எடுத்த எடுப்பில் அதைப் போட்டு உடைக்கக் கூடாது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

முதலில் இலக்கணம். ஸ்டிங்க், ஸ்டாங்க், ஸ்டங்க் என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மோந்து பார்ப்பவர் 'ஸ்டிங்க்' பண்ண முடியாது. நாறுகிறவர்தான் பண்ண முடியும். குளியலில் நாட்டமில்லாத அகராதிக்காரர் ஜான்சனிடம் ஒரு சீமாட்டி, "ஐயா, ஸ்மெல் பண்ணுகிறீர்கள்" என்றாராம். "இல்லை அம்மணி, ஸ்மெல் பண்ணுவது நீங்கள். நான் ஸ்டிங்க் பண்ணுகிறேன்" என்று திருத்தினாராம் அவர். கதைக்கு ஆதாரம் கிடையாது, இலக்கணம் சரி. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் நறுமணத்துக்கும் பொருந்தியது, நம் 'நாற்றம்' போலவே. அந்தத் தைரியத்தில் ரோஜாப்பூவோடு வரும் ஆங்கிலேயப் பெண்ணிடம் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

அடுத்து, வாடை யார் மூக்கில் ஏறியது என்று பாருங்கள். இதுதான் முக்கியம். லண்டனில் ஃப்ளஷ் கக்கூஸ் பெருகப் பெருக, வீட்டுக் கழிவெல்லாம் மழைநீர்ச் சாக்கடை வழியாகத் தேம்ஸ் ஆற்றில் இறங்கியது. ஏழைகள் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1855-இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே படகில் போனபடி வெள்ளை அட்டைத் துண்டுகளை ஆற்றில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் இறங்குமுன்பே அவை கண்ணுக்கு மறைந்தன. இந்தக் கட்டத்தில் கனவான்கள் புழங்க வேண்டிய சொல் 'மியாஸ்மா'. நோய் பரப்பும் கெட்ட காற்று என்று பொருள். கிரேக்கச் சொல், கமிட்டி போடத் தோதானது. காலரா தண்ணீரில் வருகிறது என்று 1854-லேயே மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டியும் பெரிய மனிதர்கள் மியாஸ்மாவை விடுவதாயில்லை.

1858 ஜூனில் வெயில் கொளுத்தியது. நாடாளுமன்றமோ ஆற்றங்கரையில். ஜன்னல் திரைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பலிக்கவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக் கட்டும், மறு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டையுமாகக் கமிட்டி அறையிலிருந்து வெளியே ஓடிவந்தார். இப்போது தாராளமாகச் சொல்லலாம். இனி நாசூக்குப் பேச்சுக்கு இடமில்லை என்று லண்டன் பத்திரிகை ஒன்றே எழுதிவிட்டது. வரலாற்றிலும் அந்தக் கோடைக்குப் பெயர் 'கிரேட் ஸ்டிங்க்'.

உரிய மூக்கில் ஏறிவிட்டால் பலன் கைமேல். வருடக்கணக்காக இழுத்தடித்த விவகாரத்துக்கு 18 நாளில் சட்டம் வந்தது. பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் 82 மைலுக்குச் செங்கல் சாக்கடை கட்டினார். வடகரைக் கழிவு பெக்டனிலும் தென்கரைக் கழிவு கிராஸ்னெஸ்ஸிலும், ஊருக்குக் கிழக்கே, சுத்திகரிக்காமல் அப்படியே ஆற்றில் விடப்பட்டது, கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து. இந்தச் சொல்லுக்கு அதிகம் வேலை வைக்க விரும்பாதவர்கள் அந்தப் பக்கம் வீடு பார்க்க வேண்டாம்.