வீட்டுக்குப் போகாத மனுசன்

றொசல்லயில் எந்த விசேஷம் நடந்தாலும் கடைசிவரை இருக்கிற ஒருவர் உண்டு. கல்யாண வீட்டில் பந்தல்காரன் தகரம் கழற்றத் தொடங்கிய பிறகும் அதன் கீழே உட்கார்ந்து, மாப்பிள்ளையின் பெரியப்பா எந்தத் தோட்டம் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். சாவு வீட்டில் இரவெல்லாம் சீட்டு விளையாடுகிறவர்கள் ஒவ்வொருவராகச் சரிய, இவர் மட்டும் கட்டைக் கலைத்துக்கொண்டே அடுத்த ஆளைத் தேடுவார். மாசியில் காமன் கூத்து என்றால், விடிவதற்குள் ரதியும் மன்மதனும் களைத்துவிடுவார்கள். பார்க்க வந்த இவர் களைக்கமாட்டார். சங்கக் கூட்டத்தில் "நன்றி, வணக்கம்" சொல்லி முடிந்த பிறகு, "தலைவரே, ஒரு சின்ன விசயம்" என்று ஆரம்பிக்கிறவரும் இவர்தான்.

இவரைப் போன்றவர்களுக்கென்றே உலகத்தில் ஓர் ஓட்டப் போட்டி இருக்கிறது என்று தெரியாதவரை ஊர் நிம்மதியாக இருந்தது. கொழும்பில் வேலை செய்கிற மகன் தீபாவளிக்கு வந்தபோது போனில் காட்டித் தொலைத்துவிட்டான்.

போட்டியின் பெயர் பேக்யார்ட் அல்ட்ரா. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துக் கேரி கான்ட்ரெல் என்ற தாடிக்காரர் கண்டுபிடித்தது. லாசரஸ் லேக் என்று தனக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டவர், தான் நடத்துகிற போட்டிக்குத் தன் நாயின் பெயரை வைத்தார். ஒரு சுற்று 6.7 கிலோமீட்டர். அதை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். சீக்கிரம் வந்தால் மிச்ச நேரத்தில் சாப்பிடலாம், காலை நீட்டலாம், ஒரு கண் தூங்கலாம். அடுத்த மணி அடிக்கும்போது மறுபடி கோட்டில் நிற்க வேண்டும். இப்படி 24 மணித்தியாலம் ஓடினால் சரியாக 100 மைல். அதோடு விட்டால் தேவலை. எல்லாரும் விலகி ஒரே ஒருவர் மிஞ்சி, அவரும் தனியாக இன்னொரு சுற்றை முடித்தால்தான் வெற்றி. அந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும், எத்தனை சுற்று ஓடியிருந்தாலும், 'முடிக்கவில்லை' என்றுதான் பதிவு.

இவருக்கு இது வேதவாக்காகப் பட்டது. புதுவருச விளையாட்டு விழா மரதனில் பொடியன்கள் முதல் வளைவிலேயே இவரை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே முதலில் வந்தாலும் ஒன்றுதான், 59ஆவது நிமிசத்தில் வந்தாலும் ஒன்றுதான். வட்டவளையில் கடைசி பஸ்ஸை விட்டவன் மழைக்குப் பயந்து எட்டிப் போடுகிற நடையைவிடக் கொஞ்சம் கூட்டினால் போதும். "இதுக்கு கால் முக்கியமில்ல, மனசுதான்" என்று டீக்கடையில் பிரசங்கம் செய்தார். மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த முன்னோரின் இரத்தம் தன் உடம்பில் ஓடுவதாகவும் சேர்த்துக்கொண்டார். அந்த இரத்தம் இத்தனை வருசமாகக் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கிவர ஏன் ஓடவில்லை என்று அவர் வீட்டம்மா கேட்டது தனிக் கதை.

வீட்டம்மா கொழுந்து எடுக்கிறவர். முழு நாள் சம்பளம் என்றால் முழுப் பேர், பாதி என்றால் அரைப் பேர் என்கிற தோட்டத்துக் கணக்கில் பழகியவர். அவருக்கு விதிமுறையை விளக்கியபோது ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏங்க, எத்தன சுத்துக்கு முழுப் பேரு?"

"கடைசியா நிக்கிற ஒருத்தருக்குத்தான் பேரு. மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல."

"அரப் பேரு கூடவா இல்ல? அப்ப நம்ம கணக்கப்பிள்ளையே தங்கமான மனுசன்."

2019இல் அந்த டென்னசிப் போட்டியில் மேகி குட்டர்ல் என்ற பெண், ஆண்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு 60 சுற்று ஓடி வென்றார். இந்தச் செய்தியை மட்டும் நம்மவர் வீட்டில் சொல்லவில்லை.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில். பேரன் விசிலோடு இஸ்தோப்பில் நிற்பான். அடுத்த சுற்றுக்கு மூன்று நிமிசம் இருக்கையில் மூன்று தரம், இரண்டு நிமிசத்தில் இரண்டு, ஒரு நிமிசத்தில் ஒன்று ஊத வேண்டும் என்பது நிஜமான விதி. பையன் அதை விதிக்கு மேலாகவே கடைப்பிடித்தான். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதிரையும் கூடாரமும் ஜெல் பக்கெட்டும் பார்த்துக்கொடுக்க ஓர் உதவியாளர் இருப்பார். இங்கே அது வீட்டம்மாதான். இவர் மழையில் ஊறி வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை அட்டை பிடுங்குவது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, உப்புத் துணியால் ஒத்தி ஒத்தி எடுப்பார். கெண்டைக்காலில் ஒன்று, விரலிடுக்கில் இரண்டு, எப்படி ஏறியதென்றே தெரியாமல் இடுப்பில் ஒன்று. அதற்குள் பிளேன்டீ வந்துவிடும். உள்ளங்கையில் சீனி, ஒரு நக்கு, ஒரு உறிஞ்சல். வாயில் பாதிச் சீனி இருக்கும்போதே விசில்.

ஆனால் இந்தப் போட்டியில் ஒருவன் தனியாக வெல்ல முடியாது. இரண்டாம் ஆள் எவ்வளவு தூரம் தாங்குகிறானோ, அதற்கு மேல் ஒரே ஒரு சுற்றுதான் வெல்கிறவனுக்கு. 2025 ஜூனில் அவுஸ்திரேலியாவில் பில் கோர் 119 சுற்று ஓடி உலக சாதனை வைத்தார். ஐந்து நாளுக்கு ஒரு மணித்தியாலம் குறைவு, 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நியூசிலாந்துக்காரர் சாம் ஹார்வி 118 சுற்றுவரை விடாமல் கூடவே வந்ததால்தான் அது நடந்தது. விடாக்கண்டனுக்கு ஒரு கொடாக்கண்டன் வேண்டும். என்னைக் கேட்டால் அந்த 118தான் பெரிய ஓட்டம், ஆனால் என்னை யாரும் கேட்பதில்லை.

றொசல்லயில் கொடாக்கண்டனுக்குப் பஞ்சமில்லை. ஸ்டேசன் பக்கத்து லயத்தில் ஒருவர் இருக்கிறார். டீக்கடையில் இவர் எழும்பினால்தான் அவர் எழும்புவார், அவர் எழும்பினால்தான் இவர். கடைக்காரர் பாதிக் கதவை இழுத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பது தினசரிக் காட்சி. சவால் விட்டதும் அவர் ரப்பர் செருப்போடு வந்து கோட்டில் நின்றார்.

முதல் மூன்று சுற்று அமர்க்களம். லயத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள், நாய்கள் ஓடின. இரண்டாம் சுற்றில் நாய்கள் விலகிக்கொண்டன. நான்காவது சுற்று முடிந்து இருவரும் இஸ்தோப்பில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். ரொட்டியும் கட்டசம்பலும் வந்தன. யாரோ வாய் தவறிப் பழைய சங்கத் தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தார்கள்.

உலகமெங்கும் இந்த ஓட்டக்காரர்கள் பயப்படுவது மலைக்கோ மழைக்கோ அல்ல, கதிரைக்குத்தான். உட்கார்ந்தவனை எழுப்புவதுதான் உதவியாளரின் பெரிய வேலை என்பார்கள். நம்மவர் இத்தனை வருசம் ஊரெல்லாம் காட்டிய திறமை கடைசிவரை நிற்பது அல்ல, கடைசிவரை உட்கார்ந்திருப்பது. அது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் விளங்கியது. பேரன் மூன்று விசில் ஊதினான். "இருடா, யாரு காலை வாரினதுன்னு சொல்லி முடிச்சிட்டு வாரேன்." இரண்டு ஊதினான். "அதுதான் இல்ல, நீங்க அப்ப பொகவந்தலாவையில இருந்தீங்க" என்றார் மற்றவர். ஒன்று ஊதினான். பிறகு, வீட்டம்மா சாமியறையிலிருந்து எடுத்துக்கொடுத்திருந்த பூசை மணியைக் கிணுகிணுவென்று ஆட்டினான். இரண்டு பேரும் ஆளுக்கு இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டார்கள்.

ஒருவரும் கூடுதலாக ஒரு சுற்றுப் போகாவிட்டால் வென்றவரே கிடையாது, எல்லாரும் தோற்றவர்கள்தான் என்பது லாசரஸ் லேக் எழுதிய சட்டம். றொசல்ல அதை ஏற்றுக்கொள்வதாக இல்லை. மணி அடித்தபோது எழும்பாமல் இருக்க முதலில் முடிவு செய்தது மற்றவர்தான், தான் மரியாதைக்காகக் கூட உட்கார்ந்திருந்ததாக இவர் சொல்கிறார். இவர் எழும்பியிருந்தால் தான் எழும்பத் தயாராக ஒரு செருப்பைப் போட்டிருந்ததாக அவர் சொல்கிறார். டீக்கடைக்காரர் இப்போது கதவை முக்கால்வாசி இழுத்துவைத்துக்கொண்டு கேட்கிறார்.