இரும்புக்கை மாயாவியின் பின்னட்டைக் கறை: ஒரு மறுவாசிப்புக்கான முன்வரைவு

ஆய்வு எல்லை: காமிக்ஸ் பிரதி ஒன்று. ஆய்வுச் சிக்கல்: அதில் உள்ள கறை. முன்னாய்வுகள்: இல்லை. யாரும் செய்யாத ஆய்வு என்றாலே அது தேவையான ஆய்வு என்பது பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட முறை.

முதலில் நூல் வரலாறு. சிவகாசியிலிருந்து 1972-இல் புறப்பட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மூலம், பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா'. தொடக்கத்தில் எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேல் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறார். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவார். சட்டையும் சேர்ந்து எப்படி மறைகிறது என்ற வினாவை இக்கட்டுரை தொடவில்லை. பின்னால் வருவோருக்கும் முனைவர் பட்டம் வேண்டுமல்லவா?

திறனாய்வு: கதை நன்றாக இருக்கிறது.

இனி, கறை.

அமெரிக்காவில் காமிக்ஸ் பிரதிகளின் தரத்தை அளக்க 0.5 முதல் 10 வரை அளவுகோல் உண்டு. சி.ஜி.சி. என்ற நிறுவனம் மதிப்பெண் இட்டு, பிரதியைப் பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து மூடித் தருகிறது. சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றியது, 1938 ஜூன் தேதியிட்டுப் பத்து சென்ட்டுக்கு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில். அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே இதழின் ஒரு பிரதி, பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியது, 2014-இல் 32 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பேழையை உடைத்துப் படித்தால் மதிப்பெண் போய்விடும். திறக்காதவரைதான் மதிப்பு என்ற இந்த நெறி, நூலைத் திறக்காமலே அணிந்துரை எழுதும் நம் பேராசிரியர்களுக்குப் புதிதன்று.

நம் பிரதி நன்றாகவே திறக்கப்பட்டிருக்கிறது. பின்னட்டையிலுள்ள வட்டக் கறை (இனி 'க1') தேநீரால் ஆனது என்பர் ஒரு சாரார் (பெரிய மாமா, வாய்மொழி, மொட்டைமாடி). காப்பியே என்பர் மறுசாரார் (சின்ன மாமா, அதே மொட்டைமாடி, குரல் உயர்த்தி). கறையின் விட்டம் ஐந்து சென்டிமீட்டர். வீட்டு டபராவின் அடியோ ஏழு. எனவே டம்ளர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. ஆனால் க1 முழு வட்டமாக இல்லை, தென்மேற்கில் அறுந்திருக்கிறது. இடைச்செருகல் என்பதை ஏட்டாய்வாளர்கள் அறிவர், இது அதற்கு நேர்மாறான 'இடையுருவல்' (பாட்டி, "எவன்டா இதைத் தொடச்சது?" என்னும் தொடர், திருத்திய இரண்டாம் கூச்சல், முந்தானை முனை, ஆண்டு இல்லை). அதையொட்டிய எண்ணெய்ப் புள்ளி காலத்தால் முந்தியது. க1 அதன்மேல் ஏறாமல் விலகிச் சென்றிருப்பதே சான்று (முறுக்குத் துகள், பக்கம் 30-க்கும் 31-க்கும் இடையில், கிடந்த திருக்கோலம், ஒப்பிடுக: அடுப்படி, மூன்றாம் தட்டு, பெரிய டப்பா, மூடி தளர்ந்தது, உள்ளே காலி, மறுப்புக்குக் காண்க: தம்பி, அழுகையினூடே).

பின்கள் துருப்பிடித்துள்ளன. நாயகரின் கையில் துரு இல்லை.

முதல் பக்கத்தில் மூன்று உரிமையாளர் பெயர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் முந்தியதை அடித்துவிட்டு எழுதப்பட்டது. பதிப்பு வரலாறு முழுவதும் இப்படித்தான்.

இறுதி மதிப்பெண்: 0.5. கடைசி இரண்டு தாள்கள் இப்பிரதியில் இல்லை. மாயாவி பிழைத்தாரா என்பது அவற்றில்தான் இருக்கிறது. ஆயினும் மேற்கண்ட திறனாய்வில் மாற்றமில்லை. அத்தாள்களை வைத்திருக்கும் அன்பர்கள் கொடுத்து உதவ வேண்டும். கதைக்காக அல்ல. க1 உள்ளே ஊறி இறங்கியிருந்தால், அதன் தென்மேற்குப் பகுதி அங்கே கிடைக்கக்கூடும்.