காதுகுத்தும் கான்ட் சார்ட்டும்

மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கும் அக்கா மகன், அடுத்து எம்.பி.ஏ.வில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எடுக்கப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டான். "டேய், உன் மாப்பிள்ளை என்னமோ மேனேஜ்மென்ட்டுங்கிறான், வந்து என்னான்னு கேளு" என்று அக்காவிடமிருந்து போன். சீர் செய்வதோடு தாய்மாமனுக்கு இந்த மாதிரி இலாகாக்களும் உண்டு.

மச்சானுக்குத் திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறை. "மேனேஜ் பண்றதுக்கு ஒரு படிப்பா? அப்ப இத்தனை வருஷமா நான் என்னத்தப் பண்ணிக்கிட்டு இருக்கேன்?" என்றார்.

நியாயம்தான். அவர் பூட்டு ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. தகடு வெட்டுவது ஒருவர், லீவர் ஒருவர், சாவி அராவுவது இன்னொருவர், பாலிஷ் வேறு தெரு. அத்தனை பேரையும் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லையும் சுவரில் கிறுக்கிய கரிக்கோட்டுக் கணக்கையும் வைத்தே ஓட்டிவிடுகிறார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தது. பட்டறைக்குப் புது ஆள்தான் வரவில்லை. சாவி அராவ மச்சானுக்கு மிஞ்சியிருப்பவர் ஒரே ஒரு பெரியவர்.

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தான். கையிலிருந்த கோயில் ஆர்டரையே எடுத்து, நாள்வாரியாக நீளநீளப் பட்டைகளாகப் போட்டிருந்தான். ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கர் 1910-களில் பரப்பிய முறையாம். 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கிய 'பெர்ட்' என்ற திட்டமிடும் முறை வரைக்கும் வந்தான். பிறகு சிவப்புப் பட்டைகளைத் தொட்டு, "இதுதாம்ப்பா கிரிட்டிகல் பாத். லீவர் உக்காராம சாவி அராவ முடியாது. சாவி ஒரு நாள் பிந்துனா டெலிவரியும் ஒரு நாள் பிந்தும். பாலிஷ் பிந்துனா சமாளிக்கலாம்."

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"சாவிக்காரர் பேத்திக்குப் புதன்கிழமை காதுகுத்து. அது எங்கடா இருக்கு?"

"அதை ரிஸ்க்குன்னு தனியா எழுதணும்ப்பா."

"ரிஸ்க்கா? மொய்டா அது. நானும்ல போகணும்!"

தீர்ப்பு என் பக்கம் வந்தது. படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரியை விட்டு இறங்கியதும் நேரே அதில் ஏறுவதுதான் எனக்கு இடிக்கிறது. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு 1984-லிருந்து கொடுக்கப்படும் பி.எம்.பி. சான்றிதழுக்கு நாலு வருஷப் பட்டத்தோடு, 36 மாதம் ப்ராஜெக்ட் நடத்திய அனுபவமும் கேட்கிறார்கள். அதாவது, பரீட்சை வைக்கிறவனே 'போய் மூணு வருஷம் அடிபட்டுட்டு வா' என்கிறான். முதலில் ஒரு வேலை, அப்புறம் கம்பெனிக் காசிலேயே படிப்பு என்றேன்.

"அனுபவம் இல்லாதவங்களுக்குக் கேப்பம்னு தனி சர்டிபிகேட் இருக்கு மாமா." பயல் தயாராகத்தான் வந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கோயில்காரர் போன். மச்சான் வழக்கம்போல, "பூட்டு ரெடிங்க, நாளைக்கு வந்துரும்" என்றார். அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. மாப்பிள்ளை போனை வாங்கினான். "ஐயா, பாதிப் பூட்டு வெள்ளிக்கிழமை, மீதி திங்கக்கிழமை. எது எது எந்த வாசலுக்குன்னு இப்ப வாட்ஸாப்ல அனுப்புறேன்." கத்தல் நின்றது. கோயில்காரர் நன்றி வேறு சொன்னார். அந்தப் பட்டறையில் ஆர்டர் பிந்தியதற்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஃபீஸு எம்புட்டுடா?"