லென்ஸ் மூடியின் பழைய அதிகாரம்

கேமராவின் துணைப்பொருள்களில் ஆய்வாளர் கண்ணுக்கு இதுவரை தப்பியது லென்ஸ் மூடி. முக்காலிக்கும் பைக்கும் பத்துக் கடை ஏறி விசாரிப்பவர்கூட மூடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது தொலைந்த பிறகுதான் அளவு 52 மில்லிமீட்டரா, 58 மில்லிமீட்டரா என்ற ஆராய்ச்சி தொடங்கும். (விடை லென்ஸின் முகப்பிலேயே, கோடு குறுக்கிட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.) தூசியும் கீறலும் படாமல் கண்ணாடியைக் காப்பதே மூடியின் தொழில் என்பது ஊரார் மதம். அதை நாம் மறுக்கிறோம். மூடி காவலாளி அல்ல. பதவி பறிபோன ஷட்டர். ஓய்வு பெற்ற பின்னும் அலுவலகத்துக்கு வந்து கோப்புகளை நிறுத்திவைக்கும் அதிகாரியைப் போல, படம் விழலாமா கூடாதா என்பதை அது இன்றும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

சான்று வரலாற்றில் இருக்கிறது. 1851 இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டபோது, ஒரு படத்துக்குச் சில விநாடிகளாவது வெளிச்சம் தேவைப்பட்டது. படமெடுப்பவர் மூடியைக் கழற்றுவார், எண்ணுவார், திரும்ப மாட்டுவார். ஷட்டர் என்று தனி உறுப்பு பெரும்பாலும் கிடையாது. பிறகு உலர்தகடு வந்தது. 1880களில் விநாடியின் சிறு பின்னமே போதுமென்றானதும் மனிதக் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போயிற்று. இயந்திர ஷட்டர் பொறுப்பேற்றது. மூடி வேலையை இழந்தது, இடத்தை இழக்கவில்லை. லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் கண் பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. ஆகவே மூடியைக் கழற்றாமலே 36 படங்களையும் மனநிறைவோடு எடுத்து முடிக்கலாம். இதைக் கைமறதி என்று ஒதுக்குவோர் வெள்ளிக் கோளைப் பார்க்க வேண்டும். 1975 இல் அங்கே இறங்கிய சோவியத் கலங்களான வெனேரா 9, 10 இரண்டிலும் இரண்டு கேமராக்களில் ஒன்றின் மூடி கழலவில்லை. 1978 இல் வெனேரா 11, 12 கலங்களில் ஒரு மூடியும் கழலாததால் ஒரு படமும் வரவில்லை. 1982 இல் வெனேரா 14 இன் மூடிகள் ஒருவழியாகக் கழன்றன. ஆனால் மண்ணின் இறுக்கத்தை அளக்க நீண்ட கரம் சரியாக எங்கே குத்தவிருந்ததோ அங்கேயே ஒன்று போய் விழுந்தது. ஆக, வெள்ளியின் மண்ணுக்குப் பதில் மூடியின் இறுக்கம் அளக்கப்பட்டது. ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்காத பொருளை வெறும் காவலாளி என்பது தகாது.

‘கீறல் விழுந்தால்?’ என்பது முதல் தடை. முன்கண்ணாடி ஃபோகஸுக்கு வெகு வெளியே இருப்பதால் சிறு கீறலும் தூசியும் படத்தில் உருவமாகத் தெரிவதில்லை. எதிர்வெயிலில் சற்றே மங்கல் தட்டும், அவ்வளவுதான். மூடியே இல்லாத கைபேசி, சட்டைப்பையில் சாவியோடும் சில்லறையோடும் குடும்பம் நடத்தியபடியே படமெடுக்கிறது. அதைக் கெடுப்பது கீறலைவிட விரல் எண்ணெய்தான். ஒரே ஒரு விலக்கை நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம்: குழாய் வைத்த பழைய வீடியோ கேமராக்களைச் சூரியனுக்கு நேரே காட்டினால் உள்ளே தழும்பு நிலைத்துவிடும், அங்கே மூடி உண்மையிலேயே காவல் காத்தது. குழாய்க்குப் பதில் சிசிடி சென்சார் வந்ததும் அந்த வாதம் வலுவிழந்தது.

‘திரை கருப்பாக இருந்தால் தெரியாதா?’ என்பது இரண்டாம் தடை. தெரியும், ஆனால் காரணம் தெரியாது. பேட்டரி, மெனு, கடைசியாகக் கேமராவைத் தொட்ட குழந்தை என்று சந்தேகம் சுற்றி வந்து, மூடியிடம் கடைசியில்தான் வரும். இதற்குள் பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் வீடியோ கேமரா காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்கிறது: நாதஸ்வரம், கெட்டிமேளம், ‘கொஞ்சம் தள்ளுங்க சார்’ எல்லாம் தெளிவாக விழும்; தாலி கட்டுவது இருட்டில் நடக்கும். தொலையாமலிருக்க மூடியைக் கயிற்றில் கட்டினால், தொங்கும் மூடி கேமராவில் தட்டித் தட்டி மைக்கில் தன் கருத்தைப் பதிவு செய்கிறது. கடைசியில் தயாரிப்பாளர்கள் சரணடைந்து, கையடக்க வீடியோ கேமராக்கள் பலவற்றில் தானே திறக்கும் இதழ்மூடியை உள்ளேயே குடியமர்த்தினார்கள். மலிவான மாடல்களில் அதையும் விரலால் தள்ளித்தான் திறக்க வேண்டும்; எனவே இருட்டு தொடர்கிறது.

‘இவையெல்லாம் விபத்துகள், அதிகாரம் என்றால் யாராவது விரும்பிக் கீழ்ப்படிய வேண்டாமா?’ என்பது மூன்றாம் தடை. கீழ்ப்படிகிறார்கள். வானத்தைப் படமெடுப்போர் விண்மீன்களைப் பல நிமிடம் பதிவு செய்தபின், லென்ஸை மூடி அதே நேர அளவுக்கு வெறும் இருட்டையும் எடுக்கிறார்கள். சென்சார் சூட்டில் தானாக முளைக்கும் புள்ளிகள் அந்த இருட்டில் அகப்படும். அவற்றை முதல் படத்திலிருந்து கழித்துவிடுவார்கள். அதாவது மூடியைக் கழற்றி ஒரு படம், மாட்டி ஒரு படம். நடுவே குளிரில் நின்று நிமிடங்களை எண்ணுவது மனிதர் வேலை.