16 ரூபாய் 66 காசு

கொரோனா என்று 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குச் சொல்லி, பன்னிரண்டு மணிக்கு நாட்டைப் பூட்டினார்கள். அலமாரி நிறைய மளிகையும் மாதச் சம்பளமும் உள்ளவர்களுக்கு நான்கு மணி நேரம் தாராளம். சென்னை கண்ணகி நகரிலிருந்து பஸ் பிடித்துப் போய் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு மறுநாள் பஸ்ஸும் இல்லை, வேலையும் இல்லை.

இரண்டே நாளில் நிதியமைச்சருக்கு மனம் இளகியது. ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு. அதாவது நாளொன்றுக்கு 16 ரூபாய் 66 காசு. நாலு பேர் உள்ள வீட்டில் தலைக்கு நாலு ரூபாய்ச் சொச்சம். ஒரு டீ கூடக் குடிக்க முடியாதே என்று புலம்பாதீர்கள், டீக்கடைகளையும்தான் மூடிவிட்டார்களே! எல்லாம் யோசித்துத்தான் செய்கிறார்கள்.

பசிக்கும் முறை வைத்தார்கள். கணக்கு எண் 0, 1 என்று முடிந்தால் ஏப்ரல் 3. 8, 9 என்று முடிந்தால் ஏப்ரல் 9. ஒன்பதில் முடிகிற வயிறு அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஜன்தன் இல்லாமல் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவளுக்கு அதுவும் கிடையாது. வசதிக்காரி போலும்.

மாநில அரசு அரிசி அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தது. ஜூனில் சென்னையை மறுபடி மூடியபோது இன்னொரு ஆயிரம். சென்னையில் ஒற்றை அறைக்கு அது எத்தனை நாள் வாடகை என்று எந்த ஹவுஸ் ஓனரையாவது கேளுங்கள். நூறு நாள் வேலை கேட்கலாமென்றால், அந்தச் சட்டம் கிராமத்துக்கு மட்டுமே இருந்தது. நகரத்து ஏழைக்கு மேம்பாலத்தை அண்ணாந்து பார்த்தாலே பசியாறிவிடும்.

மே மாதம் டெல்லியில் 20 லட்சம் கோடி நிவாரணம் அறிவித்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் கடன். தள்ளுவண்டிக்காரருக்கும் 10,000 ரூபாய் வந்தது, அதுவும் கடன். முந்தைய செப்டம்பரில் கம்பெனி வரியைக் குறைத்து, அரசின் கணக்குப்படியே ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடியை விட்டுக்கொடுத்தார்களே, அப்போது எந்த முதலாளியிடம் கடைசி எண் பார்த்தார்கள்?

இவ்வளவு எண் பார்த்தவர்களிடம், ஊர் திரும்பும் வழியில் செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று செப்டம்பரில் மக்களவையில் கேட்டார்கள். அந்தக் கணக்கு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம்.

அதே மாதம் தமிழ்நாட்டில் பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் என்றார்கள். டெல்லி கொடுத்த ஒரு மாத நிவாரணம் ஒரு துப்பலுக்குச் சரியாய்ப் போகும். அந்தச் செய்திகளையெல்லாம் படித்தபோது, மூன்று மாதப் பணத்தையும் செலவழிக்கலாம் போலிருந்தது.