செக்குபந்தியப் படிச்சியா கண்ணு?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. தறிச் சத்தத்துல காது மந்தம், கொஞ்சம் சத்தமாப் பேசு. எதிராளி கம்பெனிக்காரன் வயர்லெஸ் ஆன்டெனாவுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டான், நோட்டீஸ் உட்டுட்டான், உங்க பெங்களூரு ஆபீஸே ஆடிப் போச்சு. அதானே? நீயும் லீவு போட்டுட்டு வந்து, வெண்ணந்தூர் டீக்கடையில உக்காந்து, “இது உலகத்துக்கே தெரிஞ்ச சமாச்சாரம், இதுக்கெல்லாமா பேட்டன்ட்டு”ன்னு கத்திட்டிருக்கறியாம். நல்ல யோசனை. கத்து. டீக்கடையில நாலு பேரு தலையாட்டினா ஐகோர்ட்டு ரத்து பண்ணிரும்னு எந்தச் சட்டத்துல இருக்குதுன்னு மட்டும் தேடிச் சொல்லிரு, நானும் வந்து கூடக் கத்தறேன்.

நான் எட்டாவது தாண்டாத ஆளு. ஆனா ஒரு வரப்புத் தகராறுக்கு ராசிபுரம் கோர்ட்டுல வாய்தா வாய்தாவா நின்னு, வக்கீலுங்க பேச்சக் கேட்டுக் கேட்டே தலை நரைச்சவன். உங்க கம்பெனி வக்கீலு மணிக்கணக்குக்குக் காசு வாங்கிட்டுச் சொல்றத நான் ஒரு வெத்தலைக்குச் சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல அந்தப் பேட்டன்ட் முத்திரையப் பாத்து நடுங்கறத உடு. 1970ஆம் வருஷத்துப் பேட்டன்ட் சட்டத்துல 13ஆம் பிரிவுலயே எழுதி வச்சிருக்குது, நாங்க பரிசோதிச்சுக் குடுத்தோம்கறதுக்காக இது செல்லும்னு பொறுப்பு ஏத்துக்க மாட்டோம்னு. குடுத்த ஆபீசே கைய விரிக்குது, வாங்கினவன் மீசைய முறுக்கறான், நீ வேர்த்து ஊத்தற. மிர்சாப்பூருல பாத்திரம் செய்யற ரெண்டு கம்பெனிக்குள்ள இந்தச் சண்டை நடந்துச்சு. கடைசல் எந்திரத்துல பாத்திரத்தப் புடிச்சு நிறுத்தறதுக்கு ஒரு ஏற்பாடு, அதுக்கு ஒரு பேட்டன்ட்டு. 1978ல சுப்ரீம் கோர்ட்டு அத ஒத்துக்கல. பழைய எந்திரத்துல பட்டறைக்காரன் தன் கைப்பழக்கத்துல செய்யற திருத்தத்தக் கண்டுபுடிப்புன்னு சொல்ல முடியாதுன்னு ஓரமா வச்சிருச்சு. இன்னைக்கும் எந்த வக்கீலு இந்த மாதிரி வழக்குக்கு நின்னாலும் அந்தப் பாத்திரத்தத்தான் முதல்ல தட்டறான்.

செரி, அவன் பேட்டன்ட்டப் படிச்சியா? படம் பாத்தேங்கற. தலைப்புப் பாத்தேங்கற. அட என் சாமி! நெலம் வாங்கறவன் பத்திரத்துல எதைப் பாப்பான்? விக்கறவன் தாத்தன் பேரையா, முத்திரைத்தாளு அழகையா? செக்குபந்தியப் பாப்பான். கிழக்கே யாரு காடு, மேக்கே எந்த வாய்க்கா. பேட்டன்ட்டுல கடைசியில கிளைம்னு நம்பர் போட்டு வரும் பாரு, அதுதான் செக்குபந்தி. முன்னால இருக்கற முப்பது பக்கமும் அவன் பெருமை. ‘ரெண்டு ஆன்டெனா, நடுவுல இத்தனை இடைவெளி, ஒண்ணோட சிக்னல் இன்னொண்ணுல கலக்காம ஒரு தடுப்பு’ன்னு மூணு சேத்து எழுதியிருந்தா, மூணும் சேந்ததுதான் அவன் காடு. ரெண்டு ஆன்டெனா வச்ச பழைய படத்த மட்டும் தூக்கிட்டுப் போனா, தடுப்பு எங்கடான்னு கேப்பாங்க. அப்ப நீ முழிக்கற முழியப் பாக்க நான் பஸ் ஏறிக்கூட வருவேன்.

உனக்கு வேண்டியது பழைய காகிதம் கண்ணு. அவன் மனுப் போட்ட தேதிக்கு முந்தின தேதி இருக்கோணும், அவன் எல்லைய முழுசா மூடோணும். இல்லாட்டி ரெண்டு காகிதத்தச் சேத்து வச்சு, தொழில் தெரிஞ்சவன் எவனும் இதச் செஞ்சிருப்பான்னு காட்டோணும். ‘எல்லாருக்கும் தெரியும்’ங்கறதுக்கு என்ன மரியாதைன்னு நம்ம நாமகிரிப்பேட்டை மஞ்சளக் கேளு. காயத்துக்கு மஞ்சப் பூசறது உங்க பாட்டிக்குத் தெரியும், அவ பாட்டிக்கும் தெரியும். 1995ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழகத்து ஆளுங்களுக்கு அதுக்கே பேட்டன்ட் குடுத்துட்டாங்க. நம்ம அரசாங்கத்து ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் போய்ப் பாட்டியக் கூண்டுல ஏத்தல. பழைய சமஸ்கிருத ஏடு, 1953ல வந்த ஒரு இந்திய மருத்துவப் பத்திரிகைக் கட்டுரைன்னு அச்சுல இருந்ததத் தேடிக் கொண்டுபோய் வச்சாங்க. 1997ல ரத்து.

நம்ம பக்கத்துக் கதையும் ஒண்ணு இருக்குது. மதுரைக்காரரு ராம்குமாரு, ஒரே போன்ல ஒண்ணுக்கு மேல சிம்மு போடறதுக்கு 2002ல மனுப் போட்டு 2008ல பேட்டன்ட் வாங்கினாரு. நம்பர் 214388. மனுசன் அதச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிட்டுச் சும்மா இருக்கல. அடுத்தவன் உரிமைய மீறின சரக்கு வெளிநாட்டுல இருந்து வந்தா சுங்கத்துல நிறுத்தலாம்னு 2007ல ஒரு விதி வந்திருந்துச்சு. அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. 2009ல ரெட்டைச் சிம்மு போன் பொட்டியெல்லாம் சுங்கத்துலயே நின்னுபோச்சு. எவ்வளவு பெரிய கம்பெனிங்க, ஒத்த ஆளு வச்ச ஆப்பு! அந்தத் துணிச்சலுக்கு நான் எந்திரிச்சு நின்னு கும்புடுவேன்.

போன் கம்பெனிங்க சாம்சங்கும் ஸ்பைசும் என்ன பண்ணினாங்க? டீக்கடைக்குப் போகல, அதைக் கவனி. சென்னையில அப்ப இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துல, இந்தப் பேட்டன்ட்டே செல்லாதுன்னு மனுப் போட்டாங்க. மனுசன் எல்லையில கால் வைக்காம, பத்திரத்தோட வேருல கை வச்சாங்க. இவருக்கு முந்தியே வந்த வெளிநாட்டுக் காகிதங்களக் காட்டினாங்க. 2012 ஜூன்ல வாரியம் பேட்டன்ட்ட ரத்து பண்ணிருச்சு. செல்லுமா செல்லாதான்னு சுங்க அதிகாரி எப்படி முடிவு பண்ணுவான்னு பேச்சு கெளம்பி, 2018ல அந்த விதியில இருந்து பேட்டன்ட்டையே தூக்கிட்டாங்க. பேட்டன்ட் ரத்தாகறதுக்கு மட்டும் மூணு வருசம் ஆச்சு பாத்துக்க. ஆனா அதுக்கே அலுத்துக்காத, ஆன்டெனாவுக்கே ஒரு மகா வழக்கு இருக்குது.

மார்க்கோனி தெரியுமில்ல? அனுப்பற பக்கமும் வாங்கற பக்கமும் ஆன்டெனா சர்க்கியூட்ட ஒரே அலைக்கு இசைவாக்கற ஏற்பாட்டுக்கு 1904ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கினாரு. அரசாங்கம் காசு குடுக்காம உபயோகிச்சுதுன்னு அவரு கம்பெனி 1916ல வழக்குப் போட்டுச்சு. தீர்ப்பு எப்ப வந்துச்சு? 1943 ஜூன் 21. பேட்டன்ட் ஆயுசு முடிஞ்சு இருபது வருசத்துக்கு மேல, மார்க்கோனி கண்ண மூடி ஆறு வருசம். என் வரப்பு வழக்கு எவ்வளவோ தேவல!

அதுல அவரக் கவுத்தது எது? ஜான் ஸ்டோன் ஸ்டோன்னு ஒரு ஆளு. ஆமா, பேருலயே ரெண்டு கல்லு. மார்க்கோனி 1900 நவம்பர்ல மனுப் போட்டாருன்னா, இவரு அதே வருசம் பிப்ரவரியிலயே போட்டிருந்தாரு. அதுக்கும் முந்தி 1899ல இதே சங்கதிய ஒரு சிநேகிதருக்குக் கடுதாசியா எழுதியிருந்தாரு. அந்தக் கடுதாசியும் கோர்ட்டுக்கு வந்துச்சு. லாட்ஜ், டெஸ்லா பேரு போட்ட பழைய காகிதங்களும் வந்துச்சு. தீர்ப்பு எழுதின தலைமை நீதிபதி பேரும் ஸ்டோன், சொந்தமான்னு என்னைக் கேக்காத. மார்க்கோனி ரேடியோவக் கண்டுபுடிக்கலன்னு கோர்ட்டே சொல்லிருச்சுன்னு சிலபேரு அளந்து உடுவான், நம்பாத. அவரோட முதப் பேட்டன்ட்டக் கோர்ட்டு தொடவே இல்ல. இந்த ஒரு பத்திரத்தோட முக்கியமான கிளைமுங்களத்தான் அடிச்சுது. பேரு வேற, கிளைம் வேற கண்ணு.

இப்ப நீ எந்த வாசல்ல போவ? மனுவா இருக்கறப்பவே எதுத்திருந்தா யாரு வேணா எதுத்திருக்கலாம், நானே கைநாட்டு வச்சிருப்பேன். அப்ப நீங்க தூங்கிட்டீங்க. குடுத்ததப் பத்திரிகையில போட்டு ஒரு வருசத்துக்குள்ளன்னா, பாதிக்கப்படற ஆளு பேட்டன்ட் ஆபீஸுலயே ஆட்சேபணை போடலாம். அதுவும் தாண்டினா ஐகோர்ட்டு. சாம்சங் போன அந்த வாரியத்த 2021லயே கலைச்சுட்டாங்க. ரெண்டு வாசல்லயும் ஒரே ஆளு ஒரே சண்டையப் போடலாம்னு மட்டும் நினைக்காத. 2014ல காத்தாடி கம்பெனிச் சண்டையில சுப்ரீம் கோர்ட்டு, ஒண்ணப் புடிச்சா ஒண்ண உடுன்னு சொல்லிருச்சு.

கெளம்பிட்டியா? ஒரு நிமிசம். உங்க கம்பெனியும் புது ஆன்டெனாவுக்கு இந்த வருசம் மனுப் போட்டிருக்குதுன்னியே? போன வருசம் கோயமுத்தூருக் கண்காட்சியில ஸ்டால் போட்டு, அதையே மேசை மேல பிரிச்சு வச்சு, பக்கத்துல நின்னு பல்லக் காட்டிட்டு எனக்கு வாட்சப்புல படம் அனுப்பினியே. மூடியக் கழட்டி உள்ள இருக்கறது அத்தனையும் தெளிவாத் தெரியுது, கீழ தேதியும் இருக்குது. எதிராளி கம்பெனிக்காரன் நம்பரு உன்கிட்ட இருந்தா குடுத்துட்டுப் போ கண்ணு, பேசிப் பாக்கறேன்.